உவர் நிலத்தில் நெல்லின் சுவாசம்: உப்பு பயிருக்குள் என்ன செய்கிறது, வயலில் நாம் என்ன செய்யலாம்

கடைமடை வயலில் உப்பு ஏறினால் பயிர் தண்ணீர் எடுக்க முடியாமல் காய்கிறது என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. முதல் சில நாட்களுக்கு அது சரி. அதற்குப் பிறகு பயிரை வீழ்த்துவது ஆற்றல் பற்றாக்குறை. வேருக்குள் நுழையும் சோடியத்தைத் திரும்ப வெளியே தள்ளவும், தள்ள முடியாததைச் செல்லுக்குள் பூட்டி வைக்கவும் இரவு பகலாக ஆற்றல் செலவாகிறது. வெளிச்சம் படாத வேருக்கு அந்த ஆற்றல் சுவாசத்திலிருந்து மட்டுமே கிடைக்கிறது. ஆகவே உவர் நிலத்தில் எந்த வேலையைச் செய்யும் முன்பும், "இது வேரின் சுவாசச் செலவைக் குறைக்குமா, கூட்டுமா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துச் சம்பா நெல்லை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. உடலியல் பகுதி மற்றப் பயிர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

உப்பு ஏறியதும் பயிருக்குள் நடப்பது

பாதிப்பு இரண்டு கட்டங்களாக வருகிறது. மண்நீரில் உப்பு கூடியதும், சில நிமிடங்களிலேயே வேர் தண்ணீர் எடுப்பது கடினமாகிறது. இலைத்துளைகள் பாதி மூடுகின்றன, புது இலை நீள்வது தடைப்படுகிறது. இது சவ்வூடுபரவல் கட்டம். இந்தக் கட்டத்தில் பயிர் பட்டினி கிடப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளிச்சேர்க்கை குறைவதற்கு முன்பே வளர்ச்சி குறைந்துவிடுவதால் இலையில் சர்க்கரை தேங்கக்கூட செய்யும். இந்த நேரத்தில் பயிர் வளரவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போடுவதால் பயன் இல்லை.

இரண்டாவது அயனிக் கட்டம். இது நாட்கள், வாரங்கள் எடுத்து மெல்ல வருகிறது. நீரோடு ஏறிய சோடியமும் குளோரைடும் இலையில் சேர்கின்றன. நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அதனால் அதிக நாள் நீரை வெளியேற்றிய முதிர்ந்த இலைகள்தான் முதலில் நுனி வெளுத்துக் காய்கின்றன. பழைய இலை சாகும் வேகம் புது இலை வரும் வேகத்தைத் தாண்டும்போது செடிக்குச் சர்க்கரை வரத்து உண்மையிலேயே குறையத் தொடங்குகிறது.

செல்லின் உட்சாறில் பொட்டாசியம் ஏறக்குறைய 100 மில்லிமோலார் அளவில் இருக்க வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பியே வேலை செய்கின்றன. சர்க்கரைச் சிதைவின் கடைசிப் படியில் உள்ள பைருவேட் கைனேஸ் அவற்றில் ஒன்று. சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யாது. இலையில் சோடியம் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பதைவிடப் பொட்டாசியத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் பயிரின் நிலையைச் சரியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆற்றல் எங்கே போகிறது

வேர்ச்செல்லின் வெளிச்சவ்வில் புரோட்டான் பம்புகள் உள்ளன. அவை சுவாசத்தில் உருவாகும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளுகின்றன. அந்தப் புரோட்டான்கள் திரும்ப உள்ளே வரும் விசையைக் கொண்டு எஸ்ஓஎஸ்1 என்ற புரதம் சோடியத்தை வெளியேற்றுகிறது. செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழிச் சவ்வில் என்எச்எக்ஸ் வகைப் புரதங்கள் இதே முறையில் சோடியத்தை உள்ளே பூட்டுகின்றன. வெளியே தள்ளிய சோடியத்தில் ஒரு பகுதி மறுபடி கசிந்து உள்ளே வரும், மறுபடி தள்ள வேண்டும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பது போன்ற வேலை இது: இறைப்பதை நிறுத்தினால் மூழ்கும், இறைத்துக்கொண்டே இருந்தால் துடுப்புப் போடக் கை இருக்காது.

நெல்லுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதன் வேரில் செல்களுக்குள் புகாமல், செல்சுவர்களின் இடைவெளி வழியாகவே நீர்க்குழாய் வரை செல்லும் பாதை கசிவு மிக்கது. பம்புகள் எவ்வளவு உழைத்தாலும் இந்தக் குறுக்குவழியில் சோடியம் ஏறிவிடுகிறது. சிலிக்கான் போதுமான அளவு கிடைத்தால் இந்தக் கசிவு குறைகிறது. உமிச்சாம்பலையும் வைக்கோலையும் வயலுக்குத் திருப்பிக் கொடுப்பதில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்று.

நுண்குமிழிக்குள் உப்பைப் பூட்டினால், உட்சாறிலும் அதற்கு ஈடான கரைபொருள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் நுண்குமிழிக்குள் போய்விடும். இதற்காகச் செடி புரோலின், சர்க்கரை போன்றவற்றைத் தயாரிக்கிறது. ஒரு மோல் சோடியத்தைச் சேர்த்து வைக்கச் சுமார் 3.5 மோல் ஏடிபி போதும். ஒரு மோல் புரோலினைத் தயாரிக்க 41, கிளைசின் பீட்டைனுக்கு 50, சுக்ரோஸுக்கு 52 என்று தாவர உடலியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் கிளைசின் பீட்டைனைச் சேர்த்து வைப்பதில்லை. கோதுமையும் பார்லியும் சேர்க்கின்றன. புரோலின் அதிகமாக உள்ள நெல் ரகம் உப்பைத் தாங்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரங்களில் அது பயிர் பட்ட அடியின் அளவைத்தான் காட்டுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் என்ன மாறுகிறது

சுவாசத்தின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பில் நடக்கிறது. உப்பு ஏறினால் சுவாசம் கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மிதமான உப்பில் வேரின் சுவாசம் பெரும்பாலும் கூடுகிறது. கடும் உப்பிலும் நீண்ட நாள் உப்பிலும் குறைகிறது. வளர்ச்சிக்கான சுவாசத்தையும் பராமரிப்புக்கான சுவாசத்தையும் தனித்தனியே பார்த்தால்தான் குழப்பம் தீரும். வளர்ச்சி தடைப்படுவதால் முதலாவது குறைகிறது. பம்புகளை ஓட்டுவதாலும், கெட்டுப்போன புரதங்களையும் சவ்வுகளையும் பழுது பார்ப்பதாலும் இரண்டாவது கூடுகிறது. மொத்த அளவு மாறாமலே இருக்கலாம், ஆனால் அதில் நெல்மணியாக மாறும் பங்கு சுருங்கிவிட்டிருக்கும்.

உப்பு சில குறிப்பிட்ட இடங்களைத் தாக்குகிறது. பைருவேட் டிஹைட்ரஜனேஸ், 2-ஆக்ஸோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸ் ஆகிய இரண்டும் உப்பில் எளிதில் தளரும் நொதிகள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோதுமை இலைகளில் இதைக் காட்டினார்கள். இரண்டாவது நொதி தளரும்போது செடி காபா என்ற அமினோ அமிலத்தின் வழியாகச் சுற்றிப்போய்ச் சக்சினேட்டை அடைகிறது. சுவாசத்தின் மையச் சுழற்சியான சிட்ரிக் அமிலச் சுழற்சி அதனால் நின்றுவிடாமல் ஓடுகிறது.

எலெக்ட்ரான்களைக் கைமாற்றி ஏடிபி தயாரிக்க உதவும் எலெக்ட்ரான் தொடரிலும் இப்படி ஒரு மாற்றுவழி உண்டு. தொடரில் நெரிசல் ஏற்பட்டால் எலெக்ட்ரான்கள் கசிந்து, ஆக்சிஜனைக் கேடு விளைவிக்கும் வடிவங்களாக மாற்றும். அவை அகோனிடேஸ் போன்ற நொதிகளைச் சிதைக்கும். இதைத் தடுக்க மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி அந்தத் தொடரின் மூன்றாம், நான்காம் புரதக் கூட்டமைப்புகளைத் தாண்டி எலெக்ட்ரான்களை நேராக ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. வழக்கமான பாதையில் ஒரு என்ஏடிஎச் (எலெக்ட்ரான்களைச் சுமந்து வரும் மூலக்கூறு) மூலம் 10 புரோட்டான்கள் தள்ளப்படும், மாற்றுப்பாதையில் 4 மட்டுமே. அதே சர்க்கரை எரிகிறது, அதே கரியமில வாயு வெளியேறுகிறது, ஏடிபி மட்டும் பாதிக்கும் குறைவு. சுவாச அளவை மட்டும் அளந்துவிட்டுச் செடி நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இலைத்துளை மூடுவதால் கூடும் ஒளிச்சுவாசத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரூபிஸ்கோ நொதி கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடிப்பதால் வரும் தனி இழப்பு. பகலில் மட்டும் நடக்கும்.

வேருக்கு ஆக்சிஜன் இல்லாத உப்பு

வயலில் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. உப்பும் தேங்கிய நீரும் சேர்ந்தால் பாதிப்பு இரண்டின் கூட்டுத்தொகையைவிட மோசமாகும். ஆக்சிஜன் இல்லாத வேரில் ஏடிபி உற்பத்தி விழுந்துவிடும், பம்புகள் நிற்கும், சோடியம் தடையின்றி இலைக்கு ஏறும். நெல்லுக்கு, மேலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் காற்றறைத் திசு இருப்பதால் மற்றப் பயிர்களைவிடத் தாங்கும். ஆனால் கடல்நீர் புகுந்த நிலத்தில் அதற்கும் சோதனை உண்டு. கடல்நீரில் சல்பேட் அதிகம். காற்றில்லாத சேற்றில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அந்த வாயு மைட்டோகாண்ட்ரியாவின் நான்காம் கூட்டமைப்பையே அடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவோ, துருநிறப் படலத்துடனோ இருந்தால் வேர் ஆக்சிஜனை வெளிவிடும் நிலையில் இருக்கிறது. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மூச்சுத் திணறுகிறது.

படி 1: அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

ஏக்கருக்கு 8 முதல் 10 இடங்களில் 0–15 செ.மீ., 15–30 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே மண் எடுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்த உப்புத்தோலை மாதிரியில் கலந்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும். நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, 20 கிராம் மண்ணை 100 மி.லி. வாலைவடி நீரில் போட்டு விட்டுவிட்டு ஒரு மணி நேரம் குலுக்குங்கள். அரை மணி நேரம் தெளியவிட்டு, 1.413 மில்லிசீமன்ஸ் கரைசலில் சரிபார்த்த கையடக்க மீட்டரால் மின்கடத்துதிறனை அளவிடுங்கள். டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) எண்ணைப் பார்க்காதீர்கள், மீட்டரை இசி (மின்கடத்துதிறன்) நிலையில் வையுங்கள். டிடிஎஸ் காட்ட ஒவ்வொரு மீட்டரும் வெவ்வேறு பெருக்கெண்ணைப் பயன்படுத்துகிறது.

இந்த 1:5 அளவை நிறைசாறு அளவாக (மண்ணை நீரால் நிறைத்துக் குழம்பாக்கி, அதிலிருந்து பிரித்த சாறின் கடத்துதிறனாக) மாற்ற, மணல் கலந்த இருமண்ணுக்கு ஏறக்குறைய 14-ஆலும், இருமண்ணுக்கு 9.5-ஆலும், களிமண்ணுக்கு 6 முதல் 8 வரையிலும் பெருக்க வேண்டும். களிமண்ணில் மீட்டர் 0.8 காட்டினால் நிறைசாறு அளவு சுமார் 5 முதல் 6 டெசிசீமன்ஸ் (மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸும் செ.மீ.க்கு ஒரு மில்லிசீமன்ஸும் ஒன்றே). "1-க்குக் கீழேதானே" என்று நிம்மதி அடைவது அடிக்கடி நடக்கும் தவறு.

நெல் 3 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 12% விளைச்சல் போகும். 6-இல் 36%, 7-ஐத் தாண்டும்போது பாதி. ஒப்பிட்டுப் பார்க்க: பருத்தி 7.7 வரையிலும், பார்லி 8 வரையிலும் தாங்கும். வெங்காயம் 1.2-லேயே தளரும். பாசன நீரில் 2 டெசிசீமன்ஸ் வரை நெல்லுக்குப் பாதகமில்லை, 4.8-இல் விளைச்சல் பாதியாகும்.

கார அமில நிலையையும் (pH) பாருங்கள். 8.5-க்கு மேல் போய், மண்துகள்களில் ஒட்டியிருக்கும் பரிமாற்ற சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டினால் அது களர். சிறிது மண்ணை மழைநீரில் கலக்கி வைத்து, மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் களர்த்தன்மை இருப்பதாக எடுத்துக்கொண்டு ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள். உவரும் களரும் வேறு, மருந்தும் வேறு.

படி 2: உப்பைக் கழுவி இறக்குங்கள்

உவர் நிலத்துக்கு நல்ல நீரும் வடிகாலும் தவிர வேறு மருந்து இல்லை. 30 செ.மீ. ஆழ மண்ணுக்கு 30 செ.மீ. நீர் அதன் வழியாக இறங்கினால் கரையும் உப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு போய்விடும். ஏக்கருக்கு இது சுமார் 12 லட்சம் லிட்டர். இவ்வளவையும் ஒரே தடவையாகத் தேக்காமல், 8–10 செ.மீ. கட்டி, இறங்கவிட்டு, மறுபடி கட்டினால் அதே நீரில் கூடுதல் உப்பு கழுவப்படும். விட்டுவிட்டுப் பாய்ச்சும்போது சிறு துளைகளில் உள்ள உப்பு வெளியே பரவ நேரம் கிடைக்கிறது. ஐப்பசி மழையை வரப்பை உயர்த்திப் பிடித்து இதற்குப் பயன்படுத்தலாம். வடிகால் வாய்க்கால் வயலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தூர்ந்துபோன வடிகாலோடு செய்யும் கழுவல் உப்பை அடுத்த வயலுக்கு நகர்த்துவதோடு முடியும்.

வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டால் பணம்தான் வீண். களர் நிலத்துக்கும், கடல்நீர் புகுந்து பரிமாற்ற சோடியம் ஏறிய களிமண்ணுக்கும் ஜிப்சம் அவசியம். பின்னதைக் கால்சியம் இல்லாமல் கழுவினால் உப்பு போய்ச் சோடியம் மட்டும் தங்கி, மண் இறுகி, நீரும் காற்றும் இறங்காமல் போகும். ஆய்வகம் சொல்லும் ஜிப்சத் தேவையில் 50 விழுக்காட்டை இட்டு, சேற்றில் கலந்து, நீரை இறங்கவிட்ட பிறகே வடிகட்டுங்கள்.

படி 3: ரகமும் நாளும்

போக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் உள்ள சால்டால் பகுதியும், 2005-இல் நோனா பொக்ரா நெல்லில் அடையாளம் காணப்பட்ட எஸ்கேசி1 மரபணுவும் ஒரே வேலையைச் செய்கின்றன: நீர்க்குழாயில் ஏறும் சோடியத்தைத் திரும்ப எடுத்து, இலையைக் காப்பாற்றுகின்றன. நம் ஊரில் குழிவெடிச்சான், களர்பாளை, உவர்முண்டான் ஆகியவை தலைமுறைகளாக இத்தகைய நிலங்களில் விளைந்தவை. கோ 43 உவரையும் களரையும் ஓரளவு தாங்கும். திருச்சி ரகங்களான டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 களருக்காக உருவாக்கப்பட்டவை. கடலோர உவரில் அவை அதே அளவு தாங்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். இலங்கையில் அம்பலாந்தோட்டை ஆய்வு நிலையத்தின் ஏடி 354 உவர் தாங்கும் ரகம்.

ரகத்தைவிட நாள் முக்கியம் என்றே சொல்வோம். நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், இரண்டு மூன்று இலைப் பருவத்தில் துவளும், தூர் கட்டும்போது மறுபடி தாங்கும், கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரை மிகவும் துவளும். 135 நாள் ரகம் 70-ஆம் நாள் அளவில் கதிர் உருவாகி, 105-ஆம் நாள் அளவில் பூக்கும். செப்டம்பர் முதல் நாள் விதைத்தால் டிசம்பர் நடுவில், மழைநீர் உப்பை அழுத்தி வைத்திருக்கும் நேரத்தில் பூக்கும். அக்டோபர் 10-இல் விதைத்தால் பூப்பு ஜனவரி 23-க்குத் தள்ளிப்போகும். மேட்டூர் வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்குப் பிறகு பால் பிடிக்க வேண்டியிருக்கும். வரப்பு நீர் குறையக் குறைய உப்பின் செறிவு கூடும், பதர் பெருகும்.

நாற்றங்காலை நல்ல நிலத்தில் போட்டு, 30–35 நாள் நாற்றைக் குத்துக்கு 3–4 வீதம் சற்று நெருக்கி நடுங்கள். 14 நாள் நாற்றை நடும் ஒற்றை நாற்று முறை உவர் நிலத்துக்கு ஏற்றதல்ல. அந்த வயதில் செலவுக்கு ஈடு கொடுக்கும் சர்க்கரைச் சேமிப்பு நாற்றில் இருக்காது.

படி 4: உரம்

தக்கைப்பூண்டை மடக்கி உழுது, நடவுக்கு 10–15 நாள் இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டால் அது மட்கும்போது மண்ணின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், புது நாற்றின் வேர் கறுக்கும். தழைச்சத்தை வழக்கத்தைவிட 25 விழுக்காடு கூட்டி, நான்கு பாகமாகப் பிரித்து இடுங்கள். அம்மோனியத்தை அமினோ அமிலமாக்க 2-ஆக்ஸோகுளூட்டரேட் தேவை. அது சுவாசச் சுழற்சியிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஏற்கெனவே தடுமாறும் சுழற்சியின் மேல் ஒரே நாளில் பெரும் சுமையை ஏற்றக் கூடாது. துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு வழக்கமான 10 கிலோவுக்குப் பதில் 15 கிலோ.

சாம்பல் சத்தைக் குறைக்கவே கூடாது. மியூரேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால், இயன்றால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். கதிர் உருவாகும்போதும் பூக்கத் தொடங்கும்போதும் லிட்டருக்கு 10 கிராம் வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர், மாலையில் தெளிக்கலாம்.

படி 5: நீரை மாற்றுங்கள், காய விடாதீர்கள்

வயல்நீரின் கடத்துதிறனை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். 2-ஐத் தாண்டினால் வடித்துவிட்டுப் புது நீர் கட்ட வேண்டும். அதன்மேல் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே போனால் ஆவியாகும் நீர் மட்டும் போய் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும்.

வேர் கறுத்திருந்தால் வடிப்பது அவசியம். ஆனால் நல்ல நிலத்தில் செய்வது போல மயிரிழை வெடிப்பு வரும் வரை காயவிட்டால், அடியிலுள்ள உப்பு நீர் நுண்துளை வழியாக மேலே ஏறி, வேர்ப்பகுதியில் செறிவு பல மடங்காகும். நாற்றம் தணியும் வரை ஒன்று இரண்டு நாள் மட்டும் வடித்து, உடனே நல்ல நீர் கட்டுங்கள். கட்ட நீர் கைவசம் இல்லையென்றால் வடிக்காதீர்கள்.

இரவு வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தின் வயல்களில், வறண்ட பருவ இரவு வெப்பநிலை 1 பாகை கூடியபோது விளைச்சல் சுமார் 10% குறைந்தது 2004-இல் வெளியான ஆய்வில் பதிவானது. உப்பு ஏற்கெனவே பராமரிப்புச் செலவைக் கூட்டியிருக்கும் வயலில், புழுக்கமான இரவுகளில் பூக்கும்படி நாளை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் வேரின் சுவாசத்தை அளக்க

மூன்று வார நாற்றுகளை ஊட்டக்கரைசலில் வளர்த்து, ஒரு பகுதிக்கு 50 மில்லிமோலார் உப்பு கொடுங்கள். அதாவது லிட்டருக்கு 2.92 கிராம் சோடியம் குளோரைடு. கடத்துதிறன் ஏறக்குறைய 5 டெசிசீமன்ஸ் கூடும். ஒரே தடவையில் ஊற்றினால் உப்பின் விளைவு மறைந்து அதிர்ச்சியின் விளைவுதான் தெரியும். நாளுக்கு 25 மில்லிமோலாராக ஏற்றுங்கள். அதோடு 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்க்காவிட்டால் நீங்கள் அளப்பது கால்சியம் பற்றாக்குறையாக இருக்கும்.

5 கிராம் வேரைக் கழுவி, ஒற்றி, மெல்லிய துணியில் முடிந்து, 500 மி.லி. கூம்புக்குடுவையில் 10 மி.லி. 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மேலே தொங்கவிட்டு, ரப்பர் அடைப்பால் மூடி, இருட்டில் 28 பாகையில் 2 மணி நேரம் வையுங்கள். வேர் இல்லாத ஒரு குடுவையும் வேண்டும். பிறகு பேரியம் குளோரைடு சேர்த்து, ஃபீனால்ப்தலீன் நிறம் மறையும் வரை 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பாருங்கள். இரு குடுவைகளின் அமில அளவு வேறுபாட்டை 2.2-ஆல் பெருக்கினால் வெளியான கரியமில வாயு மில்லிகிராமில் கிடைக்கும். அதை எடையாலும் நேரத்தாலும் வகுங்கள். பேரியம் உப்பு நச்சு. கையுறை அணியுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

உப்பு கொடுத்த முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று அளந்து, அதே நாட்களில் புது இலையின் நீளத்தையும் குறித்து வையுங்கள். சுவாசம் குறையாமல் இலை நீள்வது மட்டும் நின்றிருந்தால், சர்க்கரை பராமரிப்புக்குப் போகிறது என்று ஊகிக்க இடம் உண்டு.

அறுவடைக்குப் பின்

மாசி முதல் ஆனி வரை தரிசாகக் கிடக்கும் காலத்தில்தான் உப்பு மேலேறுகிறது. அறுத்த கையோடு, ஈரம் இருக்கும்போதே மேலாக ஓர் உழவு போட்டு நுண்துளைத் தொடர்பை அறுத்துவிடுங்கள். வைக்கோலில் ஒரு பகுதியை மூடாக்காக விடுங்கள். கோடை மழை கிடைத்தால் தக்கைப்பூண்டு விதையுங்கள். அடுத்த விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு, சென்ற முறை மண் எடுத்த அதே இடங்களில், அதே ஆழங்களில் மீண்டும் மாதிரி எடுங்கள். மேல்மண்ணின் எண் குறைந்து கீழ்மண்ணின் எண் கூடியிருந்தால் உப்பு இறங்கியிருக்கிறது, ஆனால் வெளியேறவில்லை. அப்போது முதல் வேலை வடிகாலைத் தூர்வாருவது.